பால் ஆறின பத்து நிமிஷம்

எனக்கு எழுபத்தேழு வயசுங்க. வளர்த்தது அஞ்சு பேரை. பெத்தது நாலு. மீதி ஒண்ணு என் தங்கச்சி மயிலாத்தா. வரிசைப்படி பார்த்தால் அவள்தான் முதல். எங்கம்மா போனபோது எனக்கு ஒன்பது வயசு, அவளுக்கு ஒண்ணு. நான் மூணாங்கிளாஸோட நின்னது அதனாலதான்.

இதை எதுக்கு இப்போ சொல்றேன்? போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நடந்ததைச் சொல்லிட்டு அங்கே வர்றேன்.

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஜன்னலோரம் ஒரு சின்னப் பொண்ணு, மடியில் ஆறேழு மாசக் குழந்தை. பக்கத்தில் எடம் இருந்தது, உட்கார்ந்தேன். குழந்தை என் கம்மலைப் பிடிக்கக் கையை நீட்டினது. பிடிச்சுக்கட்டும்னு நானும் குனிஞ்சேன். அந்தப் பொண்ணு என் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துக் குழந்தை முகத்தில் போட்டு மூடினாள். அடுத்த ஸ்டாப்பில் எழுந்து போய்க் கம்பியைப் பிடிச்சு நின்னாள் – கைக்குழந்தையோட, உட்கார்ந்திருந்த சீட்டை விட்டுட்டு.

என் வாயில் ஒரு வார்த்தை இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொல்லலை. நடுப்புணி தாண்டற வரைக்கும் ஜன்னலையே பார்த்துட்டுப் போனேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால் எனக்குப் போனது என்னன்னு தெரிஞ்ச பிறகும் சொல்லலை. அதுதான் வெட்கமா இருக்கு. அதனாலதான் வாராவாரம் இந்தப் பக்கத்தில் எழுதற மாடு, மழை எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு இந்த வாரம் இதை எழுதறேன்.

என் கண்ணு ரெப்பைக்கு ஆறு வருஷமா நோவு. இந்தப் பக்கத்தில் வர்ற என் படத்தைப் பார்த்துட்டு, 'ஏனுங்க, எப்பவும் அழுதாட்டமே இருக்கறீங்க'ன்னு சந்தையில் கேட்டவங்க உண்டு. அழுகையும் இல்லை, ஒண்ணும் இல்லை. விடிஞ்சு எழுந்தால் கண்ணு தொறக்காது. ரெண்டு ரெப்பையும் பசை தடவினாட்டம் ஒட்டியிருக்கும். முடியோரத்தில் பொடுகாட்டம் செதில், பீளை. தொறந்த பிறகு உள்ளே மணல் போட்டாட்டம் உறுத்தும். மத்தியானத்துக்குக் கொஞ்சம் தேவலாம். சிவப்பு மட்டும் போகவே போகாது.

முதலில் ஊர் வைத்தியம் பார்த்தேன். நந்தியாவட்டைப் பூவை வச்சுக் கட்டினேன். விளக்கெண்ணெய் தடவினேன். தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடுங்கன்னு ஒருத்தி சொன்னாள். எழுபது வயசுக்கு மேல நான் யார் ஊட்டு வாசலில் போய் நின்னு அதைக் கேட்கறது?

கடைசியில் பாலக்காட்டுக்குப் போனேன். கண்ணு டாக்டர் மலையாளத்துப் பொண்ணு, என் பேத்தி தாரணியை விட நாலு வயசு கூட இருக்கும். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தாள். ரெப்பையோரத்தில் பொடிப்பொடியா எண்ணெய் சுரக்கற எடம் இருக்காம். அது அடைச்சு, வீங்கி, இப்படி ஆகுதாம். அதனால் கண்ணீரும் சரியா நிக்காதாம். 'தண்ணி ஊத்திட்டேதானே இருக்குது'ன்னு கேட்டேன். ஊத்தற தண்ணி வேற, கண்ணுக்கு வேண்டிய ஈரம் வேறன்னு சொன்னாள்.

எப்போ போகும்னு கேட்டேன். முழுசாப் போகாதுன்னு சொன்னாள். தினமும் பார்த்துக்கணும், அவ்வளவுதான். அப்புறம் என் கையைத் தொட்டு ஒண்ணு சொன்னாள்.

"பகரில்ல அம்மே. ஆர்க்கும் பகரில்ல."

தொத்தாதுன்னு அர்த்தம். யாருக்கும் தொத்தாது. வேணும்னா அதைத் தாளில் எழுதித் தரட்டுமா, ஊட்டில் காட்டலாமேன்னும் கேட்டாள். நான் என்ன லாரி டிரைவரா, போற எடமெல்லாம் தாளைக் காட்ட? வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அது தப்புன்னு அப்போ தெரியலை.

அன்னையிலிருந்து இந்தக் கண்ணை ஆறாவது குழந்தைன்னு வச்சுக்கிட்டேன். காலையில் எழுந்ததும் வெந்நீர். மணிக்கட்டில் ஊத்தினால் தாங்கற சூடு, அதுக்கு மேல கூடாது. எங்க ஊட்டுக்காரரோட பழைய வேட்டியைக் கிழிச்சு வச்சிருக்கேன், பூவாட்டம் இருக்கும். அதை நனைச்சுப் பிழிஞ்சு மூடின கண்ணு மேல வைக்கணும். ஒரு நிமிஷத்தில் ஆறிப் போகும், மறுபடி நனைக்கணும். இப்படிப் பத்து நிமிஷம். அப்புறம் விரலால் ரெப்பையை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே மெதுவா நீவணும். கடைசியில் காய்ச்சி ஆறின தண்ணியில் குழந்தைங்க ஷாம்பு ரெண்டு சொட்டு கலந்து, பஞ்சில் தொட்டு, முடியோரத்தைத் துடைக்கணும். ராத்திரியும் இதே. நல்லாயிருக்குன்னு நாலு நாள் விட்டீங்க... அஞ்சாம் நாள் காட்டிக் குடுத்துரும்.

அவசரப்பட்டுப் பிச்சுத் தொறக்கக் கூடாது. ரெப்பை முடியெல்லாம் கூட வந்துரும். எனக்குப் பாதி அப்படிப் போனதுதான்.

எல்லாம் செஞ்சேன். ஆனால் யாருக்கும் சொல்லலை. கேட்டால் அடுப்புப் புகைன்னு சொன்னேன். எங்க ஊட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்து இருபது வருஷம் ஆகுது.

ஏன் சொல்லலைன்னு கேட்பீங்க. சர்க்கரைக்காரங்களைப் பாருங்க. பந்தியில் பாயசம் வந்தால், 'நமக்கு சுகருங்க'ன்னு நாலு பேருக்குக் கேட்கற மாதிரி சொல்லுவாங்க. பிரஷருக்கும் மரியாதை உண்டு, மூட்டு வலிக்கும் மரியாதை உண்டு. கண்ணில் பீளை தள்றவளுக்கு ஊரில் என்ன மரியாதை? குளிக்காதவளைப் பார்க்கற மாதிரி பார்ப்பாங்க. என் மக்களுக்கும் பேத்திக்கும் மட்டும்தான் தெரியும். மயிலாத்தாளுக்கும் அடுப்புப் புகைதான்.

மூணு வருஷத்துக்கு முந்தி அவள் மருமகள் கவிதாவுக்கு வளைகாப்பு. வேலந்தாவளம் பக்கம் அவங்க ஊடு. மயிலாத்தா ஊட்டுக்காரர் அதுக்கு முந்தியே போயிட்டார். அதனால் சபையில் முன்னாடி நிக்காமல் சமையல்கட்டு வாசலோட நின்னுக்கிட்டாள். அவளுக்குப் பதிலா நின்னு முதல் வளையல் போடத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள். 'அம்மா எடத்தில் நீதானேக்கா'ன்னு போனில் சொன்னாள். பச்சையும் சிவப்புமா ரெண்டு டஜன் வாங்கிட்டுப் போனேன்.

சந்தனக் கிண்ணத்தை நான் கையில் எடுத்ததும் கவிதாவோட அம்மா எழுந்தாங்க. சத்தமெல்லாம் போடலை. ரொம்பப் பதமாத்தான் சொன்னாங்க.

"ஏனுங்க, கண்ணு இந்தச் செவப்பு செவந்து கெடக்குது. வயித்துப் புள்ளக்காரி. நீங்க அங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணீட்டாப் போதுமுங்க."

முப்பது பொம்பளைங்க இருந்திருப்பாங்க. அத்தனை பேரும் என் கண்ணைப் பார்த்தாங்க. நான் சமையல்கட்டு வாசலைப் பார்த்தேன். மயிலாத்தா தரையைப் பார்த்துட்டு நின்னாள்.

தொத்தாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னதுதானே. ஆனால் நான் எதுக்குச் சொல்லணும்? நான் தூக்கி வளர்த்தவள் அங்கே நிக்கிறாள், அவள் சொல்லட்டும்னு நின்னேன். அவள் சொல்லலை.

கிண்ணத்தைக் கீழே வச்சேன். வளையலைப் பைக்குள்ளே போட்டேன். சாப்பிடலை. பஸ் ஏறும்போதே முடிவு பண்ணிட்டேன் – அந்த ஊட்டில் இனி பச்சைத் தண்ணி குடிக்கறதில்லை.

மூணு வருஷம் அப்படியே இருந்தேன். கவிதாவுக்குப் பொண்ணு பொறந்தது, போகலை. மயிலாத்தா போன் பண்ணுவாள். எங்க ஊட்டுக்காரரிடம் குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவேன். கொஞ்ச நாளில் அவளும் விட்டுட்டாள். இந்த வருஷம் பக்கவாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்ததுன்னு சேதி வந்தது. மகனைப் போய்ப் பார்த்துட்டு வரச் சொன்னேன். எளநி ஒரு குலை குடுத்து விட்டேன். நான் போகலை. ஒரு வார்த்தை கூப்பிடட்டும்னு இருந்தேன். அவளுக்கு வாய் குழறுதுன்னு மகன் வந்து சொன்னான். அப்பவும்... கூப்பிடட்டும்னுதான் இருந்தேன்.

ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு நாள் காலையில் அவள் மகன் செந்தில் போன் பண்ணினான்.

"பெரியம்மா, அம்மா நாலு நாளாக் கண்ணு தொறக்கலீங்க. பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஊட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. பால் ஊத்தறவங்க இன்னிக்கு ஊத்தீறலாம்னு பெரியவங்க சொல்றாங்க. நீங்க வந்தீங்கன்னா..."



போனேன். போகும்போது என்ன நினைச்சேன்னு சொல்லட்டுமா? தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டேன். அந்த ஊட்டுத் தண்ணியைத்தான் குடிக்கறதில்லையே. சாகக் கெடக்கற தங்கச்சியைப் பார்க்கப் போறவள் கையில் அதுதான் இருந்தது.

வாசலெல்லாம் செருப்பு. உள்ளே கட்டிலைச் சுத்தி சொந்தக்காரங்க. ஒரு கிண்ணத்தில் காய்ச்சின பால், ஒரு கரண்டி. வயசில் மூத்தவள், வளர்த்தவள், நான்தான் முதலில் ஊத்தணும்னு வழி விட்டாங்க. கிட்டப் போய் உட்கார்ந்தேன். மயிலாத்தா எலும்பாட்டம் கெடந்தாள். வலது கை விழுந்தது. இடது கை குளுக்கோஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிக் கெடந்தது. கண்ணு ரெண்டும் மூடியிருந்தது.

"அம்மிணி"ன்னு கூப்பிட்டேன்.

அவள் புருவம் மேலே ஏறினது.

மத்தவங்க பார்க்கலை. பார்த்திருந்தாலும் ஏதோ இழுக்குதுன்னு நினைச்சிருப்பாங்க. எனக்கு அப்படி இல்லைங்க. ஆறு வருஷமா தினமும் காலையில் என் புருவம் அப்படித்தான் ஏறும். கண்ணைத் தொறக்கத் தெம்பு இருக்கும், ரெப்பை வராது. புருவம் மட்டும் மேலே போய்ப் போய்த் திரும்பும். குனிஞ்சு பார்த்தேன். முடியோரம் பூரா மஞ்சளாக் காய்ஞ்ச பீளை. மூடின ரெப்பைக்குக் கீழே கண்ணு முழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது. தேடுது.

நாலு நாளா இவள் முழிச்சுட்டுக் கெடந்திருக்கிறாள். இருட்டில். சுத்தி நின்னு பால் ஊத்தறதைப் பத்திப் பேசினதெல்லாம் காதில் விழுந்திருக்குது.

"கண்ணை யாரும் துடைக்கலையா?"ன்னு கேட்டேன். கவிதா அழுதுட்டாள். முகம், கை, கால் எல்லாம் அவள்தான் துடைச்சு விடறாளாம். கண்ணு மட்டும் சிவந்து பீளை தள்ளினதால், தொத்திக்கும், ஊட்டில் சின்னக் குழந்தை இருக்குதுன்னு அவள் அம்மா தொட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அந்தம்மாவும் அங்கேதான் நின்னாங்க. அவங்களை என்ன சொல்றது? பேத்திக்குப் பயந்தாங்க. தொத்தாதுன்னு அவங்களுக்கு யார் சொன்னா? சொல்ல வேண்டியவள் மூணு வருஷமா ஊட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வெந்நீர் கேட்டேன். வேட்டித் துணி கேட்டேன். நனைச்சுப் பிழிஞ்சு அவள் கண்ணு மேல வச்சேன்.

பத்து நிமிஷம்னு சொல்றோம். சுத்தி இருபது பேர் நிக்கும்போது அது எவ்வளவு நேரம் தெரியுமா? ரெண்டாவது தடவை துணி நனைக்கும்போதே பின்னாடி முணுமுணுப்பு. போற உசுரைப் போட்டு எதுக்குப் படுத்தறாங்கன்னு ஒரு குரல். எங்க சித்தப்பா மகன் ஒருத்தர் பொறுமையாத்தான் சொன்னார்.

"அக்கா, பால் ஆறுதுங்க."

ஆறட்டும்னு சொன்னேன்.

துணியை எடுத்துட்டு ரெப்பையை நீவினேன். பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு முடியாத் துடைச்சேன். பிச்சு எடுக்கலை. ஊறி ஊறி அதுவா வந்தது. இடது கண்ணு முதலில் கீத்தாத் தொறந்தது. அப்புறம் வலது. வெளிச்சத்துக்குக் கூசி மூடினாள். மறுபடி தொறந்தாள்.

என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். காய்ஞ்சு ஒட்டியிருந்த உதட்டையும் பஞ்சால் நனைச்சேன். உதடு ஒரு பக்கமாத்தான் அசைஞ்சது.

"உன்ற கண்ணு... இன்னும் செவந்துதான் கெடக்குதா?"

குழறினாலும் எல்லாருக்கும் புரிஞ்சது. யாரோ சிரிச்சாங்க. செந்தில் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

அந்தப் பாலில் வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போட்டாங்க. எனக்கும் ஒரு டம்ளர் கவிதா கொண்டு வந்தாள். "பெரியத்தை, குடிங்க"ன்னு நீட்டிட்டு நின்னாள். வாங்கிக் குடிச்சேன். பாட்டில் தண்ணி பைக்குள்ளேயே இருந்தது.

நான் ஊட்டுக்குப் போகலை. அங்கேயே தங்கினேன். தினமும் காலையில் முதலில் அவள் கண்ணு, அப்புறம் என் கண்ணு. ரெண்டு துணி, ரெண்டு ஏனம். தொத்தாதுன்னாலும் அவங்கவங்க துணி தனியா இருக்கணும்னு டாக்டர் சொன்னதை விடலை. கவிதா பக்கத்தில் நின்னு கத்துக்கிட்டாள். அவள் பொண்ணு கதவோரம் நின்னு வேடிக்கை பார்க்கும். ரெண்டரை வயசு ஆகுது, நான் அப்போதான் முதலில் பார்க்கிறேன். அதை யாரும் தூக்கிட்டுப் போகலை.

அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, துணி கண்ணு மேல இருக்கும்போது மயிலாத்தாளே பேச்செடுத்தாள். வளைகாப்பு அன்னிக்குச் சாப்பிடாமல் வந்ததைத்தான் முதலில் கேட்டாள். லட்டு எடுத்து வச்சிருந்தாளாம். நான் மனசில் இருந்ததைச் சொல்லிட்டேன். மூணு வருஷமா வச்சிருந்ததாச்சே. அந்தம்மா அப்படிச் சொன்னபோது, என்ற அக்காளுக்கு ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டேன்.

 ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னாள்.

"எனக்கெப்படிக்கா தெரியும், தொத்துமா தொத்தாதான்னு? நீ புகைன்னுதானே சொன்னே?"

 துணி ஆறிப் போச்சு. நனைக்கணும்னு தோணலை.

மூணு வருஷமா அவள் வாயைத் தொறக்கலைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவளுக்குத் தெரிஞ்சால்தானே தொறப்பாள்? தெரிஞ்சவள் நான். அத்தனை பேர் முன்னாடி அவள் தரையைப் பார்த்து நின்னது என்னை விட்டுக் குடுத்து இல்லை. என்ன சொல்றதுன்னு தெரியாமல். அது மூணு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோணலை.

"துணி ஆறீருச்சு"ன்னு அவள்தான் சொன்னாள்.

பன்னெண்டாம் நாள் காலையிலும் வெந்நீர் வச்சேன். துணி வச்சேன். பத்து நிமிஷம் ஆச்சு, எடுத்தேன். ரெப்பை சுத்தமா இருந்தது. ஒரு பொட்டுப் பீளை இல்லை. "அம்மிணி"ன்னு கூப்பிட்டேன்.

புருவம் ஏறலை.

பால் ஊத்த யாருக்கும் நேரம் கிடைக்கலை.

எனக்குக் கிடைச்சது பதினோரு காலை. நான் தொலைச்சது மூணு வருஷக் காலை. அது எத்தனைன்னு கூட்டிப் பார்க்கிற அளவுக்கு நான் படிக்கலை. படிக்காததே நல்லது.

எழவுக்கு வந்தவங்க, அக்காக்காரி அழுது அழுது கண்ணு எப்படிச் சிவந்து போச்சு பாருங்கன்னு பேசிக்கிட்டாங்க. நான் அன்னிக்கு அழலைங்க. அழுகை வரலை. என்னைக்கும் இருக்கற சிவப்புத்தான் அது. ஆனால் வாழ்க்கையிலேயே முதல் தடவையா என் கண்ணுக்கு மரியாதை கிடைச்சது. அதை வாங்கிக்கவும் பிடிக்கலை, மறுக்கவும் தெம்பு இல்லை.

இதுக்கப்புறமும் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன்னு சொன்னால் நம்புவீங்களா? இந்த வயசுக்கு வந்தும் வீம்பு போக மாட்டேங்குது. ரெப்பை நோவு மாதிரித்தான் அதுவும். முழுசாப் போகாது போல. தினமும் துடைக்கணும்.

அந்தப் பொண்ணு இதைப் படிக்கிறாளோ என்னவோ. படிச்சால் – தொத்தாது அம்மிணி. நின்னுட்டே போனியே, கை வலிச்சிருக்கும்.

உங்க ஊட்டில் யாராச்சும் படுக்கையில் இருந்தால் ஒண்ணு மட்டும் செய்யுங்க. கண்ணு மூடியிருக்குதேன்னு முடிவு கட்டறதுக்கு முந்தி, கொஞ்சம் வெந்நீர் வச்சுத் துடைச்சுப் பாருங்க.

அவ்வளவுதான். எழுத்து கலங்குது, கோடு தெரியலை.

தாரணி கண்ணு, இந்த நோட்டை எடு. கம்ப்யூட்டரில் ஏத்தறதுக்கு முந்தி ஒருக்கா எனக்குப் படிச்சுக் காட்டு. மெதுவாப் படி, நான் கண்ணில் துணி வச்சுட்டுக் கேட்கறேன். பத்து நிமிஷம் இருக்குது. சின்ன அம்மிச்சி மயிலாத்தா பேசற எடம் வந்தால் குரலைத் தாழ்த்தாதே... அவள் சொன்னது எனக்கு நல்லாக் கேட்கணும்.